நெஞ்சில் வாங்கிய குண்டு

1972 பிப்ரவரி 14, திங்கள்

தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் பெல்ட் மறுபடி அறுந்தது. சரி செய்கிறவரை வேலை இல்லை என்றார்கள். அழகுமலையின் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கீழ் டிவிஷன் ஆள் ஒருத்தன், என்னை அடையாளம் தெரியாதவன், எனக்கே கதை சொன்னான்.

"அண்ணாச்சி, சங்கதி தெரியுமா? நம்ம பெரிய கிளார்க்கு மகன் சண்டையில சாகும்போது என்ன சொன்னாரு தெரியுமா? 'அம்மாவிடம் சொல். குண்டை நெஞ்சில் வாங்கினேன், முதுகில் அல்ல.' அதைச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாராம்."

சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த வாக்கியம் என்னுடையது. நான் கட்டிவிட்டது.

எப்படி நடந்தது என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதத்தில் நானே அதை நம்பிவிடுவேன்.

தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்கு வருகிற கடிதமெல்லாம் என்னிடம்தான் வரும். எட்டாவது பாஸ், ஒன்பதாவது ஃபெயில். இந்தக் குருவிப்பாறை எஸ்டேட்டில் அது ஒரு பட்டம். ஆனால் இருபது வருஷமாக ஒரு கடிதத்தையும் உள்ளது உள்ளபடி வாசித்ததில்லை. 'சுகம்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், அதில் சர்க்கரை போட்டு முந்திரி போட்டு இறக்குவேன். கேட்கிற பொம்பளைகள் அழுவார்கள், பிறகு காப்பி தருவார்கள்.

ஜனவரியில் பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து என் மகன் சுருளிவேல் எழுதியிருந்தான். நாலே வரி. 'அப்பா, ஜெயசிங் சார் போயிட்டாங்க. கண்ணிவெடி. எனக்கு வலது பாதம் இல்லை. அம்மாகிட்ட பாதம் சமாச்சாரத்தை பையச் சொல்லுங்க.' அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரிய கிளார்க் அமிர்தநாதன் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். ஜெயசிங் அவர்களுடைய ஒரே மகன். செகண்ட் லெப்டினன்ட். வயது இருபத்துமூன்று. என் மகன் அவர் கம்பெனியில்தான் சிப்பாய். உடம்பை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று தந்தி வந்திருந்தது.

அந்த அம்மா அன்னபாக்கியம் கேட்டார்: "உங்க மகன் எழுதியிருக்கானாமே. வாசிங்க."

நாலு வரியை எப்படி வாசிப்பது? கடிதத்தை விரித்தேன். வாய் தானாக ஓடிற்று. முன்னால் பாய்ந்தார் என்றேன். நெஞ்சில் ஒரே குண்டு, ஒரு நொடி என்றேன். கடைசியில் இந்த வாக்கியம். கூடியிருந்தவர்கள் விம்மினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது.

பிப்ரவரி 27, ஞாயிறு

ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் வேதமுத்து வந்தார். அவர் சர்ச் கமிட்டிக்குச் செயலாளர். என் வீட்டு வாசலில் செருப்போடு அவர் நின்றது இதுவே முதல் தடவை.

"வே பெரியமுத்து, நம்ம கோயில்ல அந்தக் காலத்துச் சண்டையில செத்த வெள்ளைக்காரத் துரை மகனுக்குப் பித்தளைத் தகடு இருக்குல்லா? அதுக்கு எதிர்ச் சுவத்துல நம்ம ஜெயசிங்குக்குச் சலவைக்கல்லு வைக்கப் போறோம். அதுக்கு மேலே ஒரு இஞ்சு உசரம்."

"நல்லதுங்கய்யா."

"கல்லுல அந்தக் கடைசி வார்த்தையைப் பொறிக்கணும். பேராயருக்கு எழுதணும்லா, கடுதாசியில அப்படித்தான் இருந்துச்சுன்னு நீரு ஒரு ஒப்புப் போட்டுத் தாரும்."

கடிதத்தைக் காட்டச் சொல்வாரோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. கேட்காதவரிடம் நானாகக் காட்டுவானேன்? ஒப்புப் போட்டேன். போட்டபோது என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. சனியன் பிடித்த கை.

மார்ச் 3, வெள்ளி

இன்றைக்கு மூன்று பேர் என்னிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். அதில் ஒருவன் திருத்தமும் செய்திருக்கிறான். "அல்ல" இல்லையாம், "அல்லவே அல்ல"வாம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

சுருளி வந்துவிட்டான். பள்ளிவாசல் ஊர் வரை பஸ், அங்கிருந்து எஸ்டேட் லாரி. புதுப் பொய்க்காலுக்கு மேல் பூட்ஸ். கக்கத்தில் கட்டை. அவன் அம்மா சின்னத்தாய், பாதத்தைப் பார்க்கக் கூடாது என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அந்தப் பூட்ஸைத்தான் முதலில் தொட்டாள்.

லாரியிலிருந்து இறங்கிய இடத்திலேயே அழகுமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையும் சொல்லியிருக்கிறான். நெஞ்சு, குண்டு, முதுகு, எல்லாம். சுருளி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

வீட்டுக்கு வந்தான். கஞ்சி குடித்தான். "இதெல்லாம் யாருப்பா சொன்னது?" என்று மட்டும் கேட்டான். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். சின்னத்தாய் சொன்னாள்: "வேற யாரு, உங்கப்பாதான். ஊருக்கு இனாமா வாய் குடுத்துட்டு வந்தாரு."

ஏப்ரல் 18, செவ்வாய்

இன்று பகல் சொன்னான். வாசல் படியில் உட்கார்ந்து, காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னான்.

பாய்ச்சலும் இல்லை, குண்டும் இல்லை. டிசம்பர் பதினொன்று, காலையில். பஞ்சாப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரம். ஜெயசிங் சார் முன்னால் போனார். இரண்டு வரப்பு பிரிகிற இடத்தில் தப்பான வரப்பைப் பிடித்துவிட்டார். வெடித்தது. இரண்டு காலும் போயிற்று. விழுந்த இடத்திலிருந்து கத்தினார்: "ஒருத்தனும் வராதீங்கடா. அங்கேயே நில்லுங்க."

எல்லாரும் நின்றார்கள். இவன் போனான்.

"ஏம்லே போனே?"

"தெரியலைப்பா. போனேன்."

பத்து எட்டு வைத்திருப்பான். பதினொன்றாவது எட்டில் இவன் பாதம். சாருக்கும் இவனுக்கும் நடுவில் நாலு அடி. கை நீட்டியும் எட்டவில்லை. "முட்டாப்பயலே, வராதேன்னு சொன்னேன்ல" என்று சார் திட்டினாராம். அதற்குப் பிறகு, கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் அங்குலம் அங்குலமாகக் குத்திக் குத்திப் பாதை போட்டு வரும்வரை, இரண்டு மணி நேரம். இரண்டு பேரும் அப்படியே கிடந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் ஒரே பெஞ்சு அல்லவா. அந்த ஆட்கள் வந்து சேர்ந்தபோது இவன் மட்டும் உயிரோடு இருந்தான்.

"அதை அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? ரெண்டு மணி நேரம் வலியில கிடந்தாருன்னா? நீங்க ஒரு நொடியில முடிச்சுட்டீங்க. அது நல்லதாக்கூட இருக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதுகு, நெஞ்சு! அந்தப் பிள்ளை சாகிற நேரத்தில் ஒரு கூட்டத்தையே உயிரோடு நிறுத்தி வைத்திருக்கிறது. நான் அவன் வாயில் கூத்துமேடை வசனத்தைத் திணித்திருக்கிறேன். தூ.

ஜூன் 11, ஞாயிறு

ஆபீஸிலிருந்து காகிதம். வருகிற மார்ச் 31-ஆம் தேதியோடு எனக்கு ஓய்வு. வீட்டில் வேறு ஒருத்தர் எஸ்டேட் வேலையில் இல்லாவிட்டால் லயத்து வீட்டையும் அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். சின்னத்தாய்க்கு இரைப்பு வந்து கொழுந்து கிள்ளுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் சுருளிதான். ஒரு பாதத்தோடு சரிவில் ஏறி இறங்குகிற வேலை செய்ய முடியாது.

ஜூன் 20, செவ்வாய்

எல்லாம் தெரிந்துதான் வேதமுத்து வந்திருந்தார். ஃபேக்டரி கேட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். மேனேஜர் துரையிடம் அவர் ஒரு சொல் சொன்னால் போதுமாம்.

"டிசம்பர்ல கல்லுத் திறப்பு. பேராயர் வாராரு. சுருளி யூனிபாரம் போட்டு, மெடலு குத்தி எந்திரிச்சு நிக்கட்டும். நான் கண்ணால கண்டேன்னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். அப்புறம் கேட்டு வேலை அவனுக்குத்தான்."

அவர் போனதும் நான் சுருளியிடம் சொன்னேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நான்தான் சொன்னேன். "ரெண்டு வார்த்தைதானே தம்பி."

"நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா. உங்களுக்குத்தான் மனப்பாடம்."

"வீடு போயிருமே."

"போகட்டும்."

"உங்கம்மாவை எங்கே கொண்டு வைக்கிறது?"

  சின்னத்தாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "என்னை நடுவுல இழுக்காதீங்க. எனக்கு இரைப்பு இருக்கு, பொய்யி சொல்ற சீக்கு இல்லை" என்றாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின நாடகம். ஜெயசிங்காக நடித்த பையன் சட்டைக்குள் பீட்ரூட் சாறு வைத்திருந்தான். குண்டு பட்டதும் நெஞ்சைத் தட்டினான். சாறு வழிந்தது. என் வாக்கியத்தைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னான். கைதட்டு அடங்கவில்லை. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அவனும் எழுந்து, இன்னொரு தடவை செத்தான்.

முன் வரிசையில் அமிர்தநாதனும் அந்த அம்மாவும். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா பீட்ரூட் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். யாரோ, "பெரியமுத்து அண்ணாச்சிக்கு நெஞ்சு இளகிப் போச்சு" என்றார்கள்.

நவம்பர் 26, ஞாயிறு

கல் வந்துவிட்டது. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரியில், வைக்கோல் சுற்றி. ஃபேக்டரியில் இறக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு மூலையை நானும் பிடித்துத் தூக்கினேன்.

மேலே சிலுவை. அதன் கீழ் ஒரு துப்பாக்கி. அதன் கீழ் ஜெயசிங் பெயர். அதன் கீழ் என் வாக்கியம், பெயரைவிடப் பெரிய எழுத்தில். அதற்குக் கீழ் 'உபயம்' என்று போட்டுக் கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேர் பெயர். செத்தவன் ஒருத்தன், உபயம் ஒன்பது பேர். கோயிலில் ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் தெரியாமல் பெயர் எழுதுவோமே, அதே பழக்கம். இதில் யார் பெயர் முதலில் என்று இரண்டு வாரம் சண்டை நடந்ததாகவும், வேதமுத்து பெயர் மேலே வந்ததால் ஒருவர் ஆராதனைக்கே வருவதில்லை என்றும் கேள்வி.

வேதமுத்து என் முதுகில் தட்டினார். "பாரும், உம்ம மகன் கடுதாசி கல்லுல ஏறிட்டு."

டிசம்பர் 4, திங்கள்

சுருளி தன் யூனிபாரத்தை எடுத்துத் துவைத்தான். சின்னத்தாய் என்னைப் பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. ஒத்துக்கொண்டான் என்று நினைத்தேன். "அன்னைக்கு வந்து நிக்கிறேன்பா. நின்னு, நடந்ததைச் சொல்லுவேன். அவர் வழி மாறினதையும் சொல்லுவேன், ரெண்டு மணி நேரத்தையும் சொல்லுவேன்" என்றான்.

பேராயர் முன்னால், அறுநூறு பேர் முன்னால், அந்த அம்மா முதல்முதலாக அதைக் கேட்பதா?

இதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. எனக்குப் பிடிக்காத வழி.

டிசம்பர் 6, புதன்

போனேன். கையில் கடிதம்.

அமிர்தநாதன் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. "ஐயா, நான் அன்னைக்கு வாசிச்சது இதுல இல்லை" என்று கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நான் சொன்னேன். வரப்பு, வெடி, வராதீங்கடா, நாலு அடி, இரண்டு மணி நேரம். ஒன்றையும் கூட்டவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் எதையும் சொன்னதில்லை. நடு நடுவே நின்று போனேன்.

அமிர்தநாதன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "போயிரும்வே" என்றார். "என் கண்ணு முன்னால நிக்காதீரும்."

திரும்பினேன். அந்த அம்மா கூப்பிட்டார்.

"நில்லுங்க. எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"ரெண்டு மணி நேரம்மா."

"பேசிக்கிட்டு இருந்தானா?"

"பேசிக்கிட்டுத்தான் இருந்தாராம்."

"அப்போ என் பிள்ளை இன்னும் ரெண்டு மணி நேரம் உயிரோட இருந்திருக்கான். இத்தனை மாசமா அதை நீங்க உங்க வீட்டுல வச்சிருந்தீங்க."

கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய? வலியைத்தான் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்தை ஒரு தாயிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன் என்று எட்டாம் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

அமிர்தநாதன் கமிட்டியில் போய் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முடியாது என்றுவிட்டார்கள். நோட்டீஸ் அடித்தாகிவிட்டதாம். பேராயர் பிரசங்கமே அந்த வாக்கியத்தின்மேல்தானாம். "ஜெயசிங் உங்களுக்கு மட்டுமா மகன்? சபைக்கே மகன்" என்றாராம் வேதமுத்து. போதகர் வாயே திறக்கவில்லையாம்.

சுருளிக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வர வேண்டாம் என்று. கேட்டு வேலை இனி இல்லை என்பதைத் தனியாகச் சொல்லி அனுப்பத் தேவைப்படவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

திறப்பு. காலையிலிருந்து பேண்டு வாத்தியம். லயமே காலி, வேடிக்கை பார்க்க எல்லாரும் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் வீட்டிலிருந்தோம்.

பத்து மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. அன்னபாக்கியம் அம்மா. வெள்ளைச் சேலை, கையில் குடை. மகனுடைய கல் திறக்கிற நேரத்தில் இங்கே வந்து நிற்கிறார். சின்னத்தாய் பதறிப்போய்ப் பாயை உதறினாள். இரண்டு பேரும் இதுவரை பேசிக்கொண்டதே இல்லை. "உக்காருங்கம்மா, பாய்தான் இருக்கு" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். சுருளியின் கால் கழற்றி வைத்தபடி இருந்தது. அவன் அவசரமாக எடுக்கப் போனான்.

"இருக்கட்டும்பா. சொல்லு. மொத வார்த்தையிலிருந்து சொல்லு."

"திட்டினாரும்மா மொதல்ல."

"என்னன்னு?"

"முட்டாப்பயலேன்னு."

அந்த அம்மா சிரித்தார். அழுகையில்லாத சிரிப்பு. "அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார்.

நான் வெளியே போய் நின்றேன். மேலே ஒலிபெருக்கியில் பேராயர் என் வாக்கியத்தை நிறுத்தி நிறுத்தி, அருமையாகச் சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார். காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளேயிருந்து, துரை பங்களாத் தோட்டத்தில் மரத்தக்காளி திருடப் போய் நாய் யாரைக் கடித்தது என்று சுருளி சொல்வது மெல்லக் கேட்டது.

அந்த இரண்டு மணி நேரத்தில் கால் மணி நேரத்துப் பேச்சுத்தான் இன்று சொன்னான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "பரவாயில்லை. மறுபடி வாரேன்" என்று அந்த அம்மா எழுந்து போனார்.

1973 ஏப்ரல் 2, திங்கள்

சனிக்கிழமை வீட்டை ஒப்படைத்தோம். அம்மி மட்டும் கனம். தேவிகுளம் பஜாருக்குப் பின்னால் ஒரு அறை. சுருளி முன்னாள் சிப்பாய் என்று ஒரு அரசாங்க ஆபீஸில் வாட்ச்மேன் வேலைக்கு மனு போட்டிருக்கிறான். இங்கே மலையாளத்தில் அதை அபேக்ஷை என்கிறார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவனே நாலு வரியில் எழுதினான்.

ஜூலை 19, வியாழன்

அந்த நாலு வரிக்கு வேலை கிடைத்துவிட்டது.

டிசம்பர் 11, செவ்வாய்

அந்த அம்மா பஸ் ஏறி வந்தார். இந்த ஒரு வருஷத்தில் இது நாலாவது தடவை. சின்னத்தாய் இட்லி சுட்டு வைத்திருந்தாள். சுருளி ஒரு மணி நேரம் வரைக்கும் வந்துவிட்டான். குளிர்கிறது என்று ஜெயசிங் சொன்னதையும், நம்ம மலைக் குளிருக்கு இது எம்மாத்திரம் என்று அவரே சொன்னதையும் சொன்னான். அமிர்தநாதன் வரவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, கீழே காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

1974 ஆகஸ்ட் 15, வியாழன்

அழகுமலை வந்திருந்தான். சர்ச்சில் அந்தக் கல்லுக்குக் கீழே இப்போது போட்டோ பிடித்துக்கொள்கிறார்களாம். கல்யாணப் பெண் மாப்பிள்ளைகூட. நெஞ்சு, முதுகு எல்லாம் பின்னால் தெரிய. அவனுக்குச் சாப்பாடு போட்டேன். நான் சாப்பிடவில்லை.

டிசம்பர் 11, புதன்

இன்று இரண்டு பேரும் வந்தார்கள். அமிர்தநாதன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இரும்வே" என்றார். உட்கார்ந்தேன்.

சுருளி சொன்னான். ஒன்றரை மணி நேரம் முடிந்துவிட்டது. தண்ணீர் கேட்டதையும், இவன் பாட்டிலை எறிந்ததையும், அது கைக்கு எட்டுகிற இடத்தில் விழுந்ததையும் சொன்னான். "எட்டிச்சா?" என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். "எட்டிச்சும்மா. குடிச்சாரு." அமிர்தநாதன் கைக்குட்டையைத் தேடினார்.

சுருளி மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மா கையை உயர்த்தினார்.

"போதும்பா. இன்னும் அரை மணி நேரம் இருக்குல்லா? அதை அடுத்த வருஷம் கேட்டுக்கிடுதேன். ஒரேடியா வேண்டாம்."

மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வழியனுப்பிவிட்டுச் சுருளி மெதுவாகத் திரும்பி வந்தான். படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். ரொம்ப நேரம் அவிழ்த்தான்.

"அப்பா, அந்தத் தண்ணியோட சரி. அதுக்குப் பெறகு அவர் பேசலை. நான்தான் பேசிக்கிட்டுக் கிடந்தேன். அரை மணி நேரமும்."

நான் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அடுத்த வருஷம் வந்து கேட்டா என்னப்பா சொல்ல?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நிஜமாகத்தான் கேட்டான். எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.